பன்னிரண்டு பேரை விட்டுவிட்டுச் சொன்ன கதை

விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்புப் பக்கம் தொழிற்சங்க வகுப்பு என்றாலும் மே தினக் கூட்டம் என்றாலும் புதுச்சேரி வ. சுப்பையாவைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுவது வழக்கம். கையில் குறிப்பு இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவேன். தேதிகள் தவறாது. கேட்பவர்கள் கண் கலங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதரின் பெயரை மேடையில் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 1986-லேயே அதை இழந்துவிட்டேன். இழந்த பிறகும் பேசினேன். இழந்ததால்தான் அதிகமாகப் பேசினேன் என்பது இப்போது தெரிகிறது.

நான் ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். பூவராக சுவாமி கோயில் தேர் ஓடும் வீதியில் வீடு. மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போவதையும், அங்கே முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வதையும் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் பேதம் கிடையாது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வேன். அந்தப் பெருமையை மனதார நம்பிக்கொண்டே, பேதம் எனக்குக் கொடுத்த சலுகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதுவும் இதில் வரும்.

சுப்பையாவை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்த ஒரு பெரியவர். சிறுவயதிலேயே புதுச்சேரி மில்லில் வேலைக்குப் போனவர். அவர் எப்போது ஆரம்பித்தாலும் 1936 ஜூலை 30-லிருந்துதான் ஆரம்பிப்பார். சவானா மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பிரெஞ்சு அரசாங்கத்தின் துப்பாக்கிகள் சுட்டன. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். வெற்றிலையை மென்று முடிப்பார். அதன் பிறகுதான் சுப்பையாவின் பெயர் வரும்.

நான் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு வரிசையை மாற்றினேன். என் கதையில் முதலில் சுப்பையா வருவார். 1911-இல் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த இளைஞன், ஹரிஜன சேவா சங்க வேலையில் இறங்குகிறான். 1934 பிப்ரவரியில் காந்தி புதுச்சேரிக்கு வந்துபோகிறார். அதே ஆண்டு ஜூனில் அவன் ‘சுதந்திரம்’ பத்திரிகையைத் தொடங்குகிறான். சென்னையில் கம்யூனிஸ்ட் அமைப்பாளர் அமீர் ஹைதர் கானைச் சந்தித்துக் கம்யூனிஸ்ட் ஆகிறான். பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டுகிறான். நேரு யோசனை சொல்ல, பாரிஸுக்குக் கப்பல் ஏறுகிறான். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி ஆணை பிறக்கிறது: எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. பக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் 1934 தொழிற்சாலைச் சட்டப்படி வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். நம் எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியில் 48! இந்த இடத்தில் குரலை உயர்த்துவேன். கைதட்டல் விழும்.

துப்பாக்கிச்சூடு என் கதையிலும் உண்டு. ஒரே ஒரு வாக்கியம். அவர் பாரிஸுக்குப் போவதற்கான காரணமாக மட்டும் அது வரும்.

நான் விட்டுவிட்ட இன்னொன்றையும் சொல்கிறேன். அது பெரிய விஷயம். அந்தப் பன்னிரண்டு பேரும் சாகும்போது பாரிஸில் ஆட்சியில் இருந்தது வலதுசாரி அரசாங்கம் இல்லை. 1936 ஜூனில்தான் சோஷலிஸ்ட் தலைவர் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்திருந்தது. பிரான்ஸ் முழுவதும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, அந்த மாதமே வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையைச் சட்டமாக வாங்கினார்கள். காலனி மந்திரி மரியுஸ் மூத்தேயும் சோஷலிஸ்ட்தான். அந்தக் கொடியின் கீழ்தான் அடுத்த மாதம் புதுச்சேரித் தொழிலாளியின் மார்பில் குண்டு பாய்ந்தது. இடதுசாரி என்ற பெயர் அந்தத் துப்பாக்கியைத் தடுக்கவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்திருந்தேன். பெரியவரும் சொல்லியிருந்தார். கூட்டத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இடதுசாரி என்று சொல்லிக்கொள்பவன் தன் ஆட்களையே கைவிடக்கூடும் என்ற பேச்சு என் வாயிலிருந்து வரவேண்டாம் என்று நினைத்திருக்கிறேன்.

இனி 1986.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அப்போது நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஃபியூஸ் கேரியர் செய்யும் பட்டறை. எஸ்டேட்டில் எல்லோரும் கிட்கேட் என்பார்கள். வீட்டு மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கானில் இருக்குமே, அதுதான். நெய்வேலிப் பக்கத்துக் களிமண் இருப்பதால் எங்கள் பகுதியில் இந்தத் தொழில் வந்தது. மண்ணை அரைத்து, சலித்து, எண்ணெயும் தண்ணீரும் கலந்து பிசிறிய தூளைக் கை பிரஸ்ஸின் அச்சில் நிரப்பி, பிடியை இழுத்து அடிக்க வேண்டும். அடித்த பீஸ் ஈர பிஸ்கட் மாதிரி இருக்கும். இரண்டு விரலால் எடுக்கவேண்டும், கொஞ்சம் அழுத்தினால் ஸ்குரூ ஓட்டை ஓரத்தில் விண்டுவிடும். காய்ந்ததும் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி, கிளேஸில் முக்கி, அடிப்பாகத்தை ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். துடைக்காமல் விட்டால் வெந்தபின் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிரஸ்ஸிலும் துடைப்பிலும் எல்லாம் பெண்கள். சாயங்காலம் கிளம்பும்போது புருவம் வெளுத்திருக்கும்.

கூலி பீஸ் ரேட். சூளையில் வெடித்ததும் கோணியதும் அடித்தவர் கணக்கில் கழியும். சூடு ஏறுவது முன்னே பின்னே ஆனால் பீஸ் வெடிக்கும். அதில் பிரஸ் அடித்த பெண் செய்த தவறு ஒன்றுமில்லை. ஆனால் சூளையைப் பார்ப்பவருக்கு மாதச் சம்பளம், அதில் கைவைக்க முடியாது. கழிவை நோட்டில் எழுதுபவன் நான். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கையாலேயே எழுதினேன்.

அந்த ஆண்டு ஜூலை 30 துப்பாக்கிச்சூட்டுக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பெண்களுக்குச் சுப்பையா கதையைச் சொன்னேன். என் வரிசையில்தான் சொன்னேன். முடித்ததும் ஒரு அக்கா கேட்டார்: "நமக்கு அப்படி யாரு தம்பி இருக்காங்க?" நான் சொன்னேன்: "நான் இருக்கேன்க்கா."

அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் மனு எழுதினேன். கடலூர் தொழிலாளர் அலுவலருக்கு. சூளையில் உடைவதற்குக் கூலி பிடிக்கக்கூடாது, பி.எஃப். பிடித்துக் கட்ட வேண்டும், பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றவர்கள் என் மேஜை மேலிருந்த ஊதா மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்து உருட்டினார்கள். பிரஸ் அடித்து அடித்து ரேகை தேய்ந்துபோய், சிலருடையது வெறும் ஊதாப் பொட்டாகத்தான் விழுந்தது. முதல் ரேகை அந்த அக்காவுடையது. மனுவை நான் கடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேச்சு.

கொண்டுபோகவில்லை. என் பையில் இருந்தது. அடுத்த வாரம் போகலாம், சம்பளம் ஆனபிறகு போகலாம் என்று தள்ளினேன். பயம்தான் காரணம், வேறு பெயர் வைக்க மாட்டேன். இதற்குள் யாரோ சொல்லி முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டார். திட்டவில்லை. உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். "தேரடித் தெருப் புள்ள நீ. நம்ம பையன்னு நெனச்சுதான் கணக்கைக் கொடுத்தேன். காலனிப் பொம்பளைங்க பேச்சைக் கேட்டு நீ கெட்டுப்போவலாமா? யாரு ஆரம்பிச்சது?" என்றார்.

அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்தார். ஆரம்பித்தது நானாக இருக்க முடியாது என்று அவரே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டார். நான் இன்ன தெருவில் பிறந்ததால் எனக்குக் கிடைத்த வாசல் அது. ‘நான்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த அக்காவின் பெயரைச் சொன்னேன். பையிலிருந்து மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் கேட்காமலே வைத்தேன்.

மறுநாள் காலை அக்காவைக் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். கணக்குத் தீர்க்கும் சீட்டை எழுதியவன் நான். அந்த வாரம் சூளையில் உடைந்த பீஸ்களையும் கழித்தேன். தீபாவளிக்கு முன்னால் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

இதுவரை எழுதியது செய்த காரியம். இதைச் செய்தவர்கள் ஊரில் இன்னும் பலர் இருப்பார்கள். வயிற்றுப்பாடு, வீட்டுப் பொறுப்பு என்று சொன்னால் மன்னிப்பவர்களும் இருப்பார்கள். நான் மன்னிப்புக் கேட்கக் கூச வேண்டியது அதன் பிறகு வாழ்ந்த விதத்துக்காக.

சூப்பர்வைசர் ஆன பிறகும் சுப்பையா கதையை விடவில்லை. பட்டறைக்குள் சொல்வதை நிறுத்திவிட்டு, வெளியே சொல்லத் தொடங்கினேன். கூட்டம், வகுப்பு, சிறுபத்திரிகைக் கட்டுரை. கதையில் சுப்பையா வளர்ந்துகொண்டே போனார். 1947-இல் பிரெஞ்சுக் குடியரசு மன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பாரிஸ் லுக்ஸம்பூர் மாளிகையில் கம்யூனிஸ்ட் வரிசையில் உட்கார்ந்த தமிழர் என்பதை விரித்துச் சொல்வேன். ஒரே மனிதர் ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்தார் என்று முடிப்பேன். தலைவரை அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டால் கீழே இருக்கிற என்னைப் பார்த்து, ‘நீ என்ன செய்தாய்’ என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. அவர் மாதிரி யாரால் முடியும் என்று எல்லோரும் சேர்ந்து பெருமூச்சு விட்டு எழுந்துபோவோம். அந்தப் பெருமூச்சுக்குப் பின்னால்தான் நான் இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

உண்மையில் அந்த வாழ்க்கையைப் பாதியோடு நிறுத்தாமல் சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு வேறு விதமாகப் புரிந்திருக்கும். குடியரசு மன்றப் பதவி 1948-லேயே முடிந்துபோனது. அதற்குப் பின் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக்கு ஆதரவாக நின்ற குபேர் அணியினர் கை ஓங்கியது. 1950 தொடக்கத்தில் சுப்பையாவின் வீட்டைத் தாக்கித் தீ வைத்தார்கள். ஊரைவிட்டு வெளியேறி இருந்தார். எதிர்த்தரப்பில் இருந்த அதே குபேர் 1954-இல் இந்தியாவோடு இணைப்பு என்ற பக்கம் வந்தார். அந்த அக்டோபரில் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் போனது. காலமெல்லாம் போராடிய சுப்பையா எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார், உட்கார்ந்து வேலை செய்தார். 1969-இல்தான் பாரூக் தலைமையிலான கூட்டணி அமைச்சரவையில் மந்திரி ஆனார். தோற்று, வீடு இழந்து, புறக்கணிக்கப்பட்டு, திரும்பத் திரும்ப அதே தொழிலாளர்களிடம் வந்து நின்ற வாழ்க்கை அது. சாதாரண மனிதன் பின்பற்றக்கூடிய பகுதி இதுதான். கப்பலேறிப் பாரிஸ் போக எல்லோராலும் முடியாது. தோற்ற பிறகும் தன் ஆட்கள் பக்கமே நிற்பது என்னைப் போன்ற கணக்கப்பிள்ளையாலும் முடியும். அதனால்தான் இந்தப் பகுதியைப் பேச்சிலிருந்து வெட்டினேன்.

ஒன்று சொன்னால் நம்புவது கஷ்டம்: நான் சுப்பையாவை நேரில் பார்த்ததே இல்லை. 1993 அக்டோபர் 12 வரை அவர் இருந்தார். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் புதுச்சேரி. கட்சித் தோழர்கள் போகும்போது கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன். அவர் முன்னால் போய் நின்றால், ‘எங்கே வேலை பார்க்கிறாய், அங்கே சங்கம் இருக்கிறதா’ என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். இறந்த செய்தி வந்த அன்று, என்னிடம் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் இல்லாமல் போனார் என்று மனதின் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. இந்த வரியை எழுதத்தான் அதிக நாள் தயங்கினேன்.

அதே 1993 மார்ச்சில் எங்களுக்குப் பக்கத்திலேயே, கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில், முதனை கிராமத்து ராஜாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். குறவர் சமூகத்தவர். அவர் மனைவி பார்வதி கோர்ட் வரை போனார். மார்க்சிஸ்ட் தோழர்கள் கூட நின்றார்கள். வக்கீல் சந்துரு வழக்கை நடத்தினார். பின்னாளில் ‘ஜெய் பீம்’ படமாக வந்து உலகமே பார்த்தது. விருத்தாசலத்தில் அப்போது ஆதரவு கேட்டு வந்த தோழர்களிடம் நான் பத்து ரூபாய் நன்கொடை கொடுத்தேன். சாட்சிகளுக்குத் துணையாக வந்து நில் என்று ஒருவர் கேட்டபோது, பட்டறையில் ஸ்டாக் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு பெண் போலீஸை எதிர்த்து நின்ற அந்த மாதங்களில், பிரெஞ்சுப் பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சென்ற பொங்கலுக்குப் பிறகு அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மகனோடு இருக்கிறார். இதை எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதனால் போடவில்லை.

விஷயத்தைச் சொல்ல வார்த்தை கோத்துவைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை. "அன்னைக்கு சாயங்காலமே தெரியும் தம்பி. காபி கொண்டாந்த பையன் சொல்லிட்டான்" என்றார். எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. அதன் பிறகும் என்னைப் பார்த்தால் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார்கள், கழிவுக் கணக்கை என்னிடம்தான் வாங்கிக்கொண்டார்கள். நான் மறைத்ததாக நினைத்த காரியத்தை எல்லோரும் அறிந்தே என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

கேட்டில் நிறுத்திய பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். எஸ்டேட்டில் வேறு பட்டறை எதிலும் சேர்க்கவில்லையாம். பெயர் சுற்றிவிட்டது. கரும்பு வெட்டப் போனார், பிறகு செங்கல் சூளை. வேறெதுவும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. "அந்த வருஷத்துக்கெல்லாம் இப்ப பி.எஃப். எதுனா வாங்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். பிடித்துக் கட்டியிருந்தால்தானே வாங்க முடியும். பிடித்ததே இல்லை, நம்பரே கிடையாது. நோட்டை எழுதிய என்னைவிட அதை நன்றாக அறிந்தவர் யார்? இல்லை என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என் பழைய பேச்சுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஜூலை 30 ஒரு வரிதான் இருக்கிறது. பெரியவர் சொன்ன வரிசையில் கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பேர் முதலில். புளூம் ஆட்சியும் அதில் உண்டு, எரிந்த வீடும் உண்டு, எதிர்க்கட்சி வரிசையும் உண்டு. பாரிஸ் பயணம் தன் இடத்தில் நாலு வரி. 2020-இல் மூடிய புதுச்சேரி ஏ.எஃப்.டி. மில்லும் வரும். எட்டு மணி நேரத்தை வாங்கிக்கொடுத்த மில்களில் இன்று சங்கு ஊதுவதில்லை என்பதைச் சொல்லாமல் அந்த வெற்றியை மட்டும் சொல்வதும் ஏமாற்றுதான்.

இந்த ஜூலையில் பேசுவதற்கு எஸ்டேட் தோழர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே வேலை செய்பவர்களில் அந்தப் பழைய பெண்களின் மகள்களும் மருமகள்களும் இருக்கிறார்கள். இந்தப் பக்கங்களை அச்சானதும் அவர்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு, பேச நான் வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் கூடி முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் குறிப்புகளைக் கொடுத்துவிடுகிறேன், அவர்களில் ஒருவர் பேசலாம்.